மேல்வீட்டுக் கடலுக்கு ஒரு வடிகட்டி

"கையைக் காட்டுங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைக்கும் எவரும் முதலில் இரண்டு உள்ளங்கைகளையும் நீட்ட வேண்டும். மேல்வீட்டு அக்கா ஒரு கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். அப்புறம் இன்னொரு கை. சோப்பு வாசனை வந்ததோ, தொலைந்தோம். "போய் வெறுந்தண்ணில நல்லா அலசிட்டு வாங்க" என்று குளியலறைப் பக்கம் துரத்துவார். கை கழுவிவிட்டு வந்த நல்ல மனிதர்களைத் திரும்பவும் கழுவச் சொல்லும் வீடு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அவருடைய தங்கை மாப்பிள்ளை செண்ட் பூசிக்கொண்டு வந்து, கூடத்துக்கு வெளியிலேயே நாற்காலி போட்டு உட்கார வைக்கப்பட்டார். "மாப்பிள்ளைன்னா மீனுக்குத் தெரியுமா" என்றார் அக்கா, அவர் காதில் விழும்படியாகவே.

இத்தனைக்கும் அக்காவின் பிழைப்பே சோப்புதான். தெருமுனைச் சலவைக் கடை அவருடையது. விடுதிகளின் படுக்கை விரிப்புகள், உணவகங்களின் மேசைத் துணிகள், அக்கம்பக்கத்துச் சட்டைகள் எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். மூன்று பெரிய இயந்திரங்கள் விடாமல் சுழலும். அக்காவின் கணவர், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், மூலையில் நின்று இஸ்திரி போடுவார். அக்கா ஒரு கறையைப் பார்த்தால் அது என்ன, எப்போது பட்டது, பட்டவர் துடைத்தாரா தேய்த்தாரா என்றுகூடச் சொல்லிவிடுவார். தெருவில் என்னைப் பார்த்தால் முகத்தைப் பார்ப்பதில்லை, சட்டைப் பையைத்தான் பார்ப்பார். "பேனா கசிஞ்ச சட்டையோட ஏன் தம்பி சுத்தறீங்க? பார்க்க எனக்குத்தான் கை அரிக்குது."

கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்ததும் அக்காவின் வேலை வெறுந்தண்ணீரில் முழங்கைவரை தேய்த்துக் கழுவுவது. நகக்கண்கூட விடமாட்டார். ஏனென்றால் மற்றவர் வீட்டில் தொலைக்காட்சி இருக்கும் இடத்தில் அவர் கடலை வைத்திருக்கிறார். சோப்பு ஒரு துளி பட்டாலும் அந்தக் கடல் தாங்காது.

கடல் என்று நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. கூடத்துச் சுவரின் பாதி நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்புத் தண்ணீர். ஊதாப் படலம் ஏறிய பாறைகள், அவற்றின் இடுக்கிலிருந்து எட்டிப் பார்க்கும் ஏதேதோ சின்ன உயிர்கள். நடுப்பாறையில் ஒரு கடல் சாமந்தி. பெயர்தான் பூ, ஆள் பிராணி. நூறு விரல்களை விரித்துத் தண்ணீரோடு அசைந்துகொண்டிருக்கும். அந்த விரல்களுக்குள்ளே, வேறு எந்த மீன் போனாலும் கொட்டிக் கொன்றுவிடும் அந்த இடத்தில், ஆரஞ்சும் வெள்ளையுமாக இரண்டு கோமாளி மீன்கள் குடும்பம் நடத்துகின்றன. முதல் தடவை பார்த்தபோது கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன். இப்போதும் அப்படித்தான் நிற்கிறேன். மாடிப்படி ஏறிப்போய்க் கடலின் அடியைப் பார்ப்பது என்ன சாதாரண விஷயமா?

அண்ணன் அந்தச் சாமந்திக்கு வைத்திருக்கும் பெயர் மருமகள். அவர்களுக்கு மகன் கிடையாது, மருமகள் மட்டும் உண்டு. அது சுருங்கிக்கொண்டால், "என்ன, மாமியாரோட சண்டையா" என்று கேட்டுவிட்டு அண்ணன் செய்தித்தாளைப் பிரிப்பார். அக்கா தண்ணீரை எடுத்துச் சோதித்துக்கொண்டிருப்பார்.

இந்தக் கடலோடு எனக்கு அறிமுகம் தலை வழியாக நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். மின்சாரம் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது, அடுத்தது உதட்டில். மழையில்லை. நக்கிப் பார்த்தேன், கரித்தது. "தூக்கத்துல அழுதீங்களா" என்று கேட்ட என் மனைவியின் கன்னத்தில் அடுத்த சொட்டு விழுந்ததும் இருவரும் அண்ணாந்து பார்த்தோம். எங்கள் படுக்கைக்கு மேலே கூரையிலிருந்து கடல் சொட்டிக்கொண்டிருந்தது.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வருவது என்றுதான் படியேறினேன். அக்கா தரையில் மண்டியிட்டு, வெளுத்து மடித்த விடுதி விரிப்புகளைப் பிரித்துப் பிரித்துத் தண்ணீரில் போட்டு ஒற்றிக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. அந்த நிலையிலும் என்னைப் பார்த்ததும், "கையைக் காட்டுங்க" என்றார். முகத்தைத் துடைத்த கையை நீட்டினேன். முகர்ந்தார்.

"இது நம்ம தண்ணி. உள்ள வாங்க" என்றார்.

அதற்கு மேல் எப்படிச் சண்டை போடுவது? நானும் ஒரு விரிப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டு உரிமையாளர் அப்படி விடவில்லை. மாலையில் வந்தார், எங்கள் கூரையைப் பார்த்தார், மேலே போனார். சத்தம் போடுகிற ஆள் இல்லை அவர். நிதானமாகத்தான் சொன்னார். "இன்னொரு சொட்டு கீழ இறங்கிச்சுன்னா தொட்டி வெளிய போகணும். மாசக் கடைசிக்குள்ள ஏற்பாட்டை மாத்திக் காட்டுங்க. நான் வந்து பார்ப்பேன். கீழ்வீட்டுத் தம்பியும் பார்த்து சரின்னு சொல்லணும்." என் தலை இதில் இப்படித்தான் மாட்டியது.

தொட்டி வெளியே போனால் என்ன, மீன்களைக் கடையில் கொடுத்துவிடலாமே என்று நான் விவரம் தெரியாமல் கேட்டேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "மீனை வாங்கிப்பாங்க தம்பி. இவ?" என்று சாமந்தியைக் காட்டினார். "பாறையைக் கெட்டியா பிடிச்சு உக்காந்துருக்கா. பிடுங்கினா கால் கிழியும். கிழிஞ்சா அழுகிப் போவா. வந்த புதுசுல தொட்டி பூரா சுத்திட்டு, இவளா பார்த்து உக்காந்த இடம் இது." குரல் இறங்கிவிட்டது. "என்னை நம்பி உக்காந்துட்டா. நான் எப்படி வெளிய போன்னு சொல்றது?"

தவறு எங்கே என்று அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார். பெரிய தொட்டியின் தண்ணீர் வழிந்து கீழே அலமாரிக்குள் இருக்கும் கீழ்த்தொட்டிக்கு இறங்கும். அங்கே சுத்தமாகி, பம்பு வழியாகத் திரும்ப மேலே ஏறும். மின்சாரம் இருக்கும்வரை சுகம். பம்பு நின்றால், ஏறிய குழாய் வழியாகவே தண்ணீர் திரும்பி இறங்க ஆரம்பிக்கும். குழாயின் வாய் தொட்டிக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவு தண்ணீரும் கீழே வரும். கீழ்த்தொட்டிக்கு அத்தனை வயிறு இல்லை. மிச்சம் என் உதட்டுக்கு வந்தது.

புதிய வடிகட்டி தேர்ந்தெடுக்க அக்கா கிளம்பியபோது என்னையும் கூட்டிப்போனார். "சரின்னு சொல்லப் போறவர் கண்ணால பார்த்துடுங்க."

மீன்கடைக்காரர் அக்காவைப் பார்த்ததும் தானாகவே இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். பழக்கம் அங்கேயும் பரவியிருக்கிறது. பிரச்சினையைக் கேட்டுவிட்டு, கறுப்பாக, கனமாக, மூடி போட்ட ஒரு டப்பா வடிகட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதுக்குக் கீழ்த்தொட்டியே வேண்டாம்கா. எல்லாம் உள்ளுக்குள்ளயே அடங்கிடும். நாலு பக்கமும் க்ளிப். வழியறதுக்கு இடமே இல்ல. தம்பி, நீங்களே சொல்லுங்க."

நான் உடனே தலையாட்டினேன். என் கவலை என் மெத்தை.

அக்கா க்ளிப்புகளைப் பட்டுப் பட்டென்று விடுவித்து மூடியைத் திறந்தார். உள்ளே அடுக்கடுக்காகப் பஞ்சு, நுரைப்பஞ்சுத் தட்டுகள், கைநிறையப் பீங்கான் வளையங்கள். எல்லாம் பளிச்சென்று வெள்ளை வெளேரென்று இருந்தன. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"இதை எப்பத் திறந்து கழுவணும்?"

"ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருக்கா. விட்டுட்டா அழுக்கு தேங்கிடும்."

"அப்ப வேண்டாம்."

"ஏன்கா? கழுவறது உங்களுக்கு என்ன கஷ்டமா?"

"கஷ்டம் இல்லப்பா. இஷ்டம். அதான் பயம்" என்று சொல்லி மூடியைத் திரும்பப் போட்டார்.

கடைக்காரருக்குப் புரியவில்லை. எனக்கும்தான். வரும் வழியில் கேட்டேன். அக்கா சொன்னார். அவருடைய முதல் தொட்டியில் இப்படிப்பட்ட டப்பா வடிகட்டிதான் இருந்ததாம். ஒருநாள் திறந்து பார்த்தால் பஞ்செல்லாம் பழுப்பேறி, வளையமெல்லாம் வழுவழுவென்று பாசி படிந்து கிடந்ததாம். அக்காவின் கை சும்மா இருக்குமா? எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு முடிந்து, கடைக்குக் கொண்டுபோய், விடுதி விரிப்புகள் போடும் இயந்திரத்தில், சோப்பு மட்டும் போடாமல், கொதிக்கக் கொதிக்கச் சுழலவிட்டாராம். "பூ மாதிரி வந்துச்சு தம்பி. அவ்ளோ வெள்ளை. ஒரு காயப்போடல் வேற."

அந்தப் பழுப்பில்தான் தொட்டியின் உயிரே இருந்தது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? மீன் கழிக்கும் நஞ்சைத் தின்று தண்ணீரைத் தண்ணீராக வைத்திருப்பவை கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்ணுயிர்கள். அவை குடியிருந்தது அந்தப் பஞ்சில், அந்த வளையத்தில். வெளுத்துக் காயப்போட்ட வடிகட்டியை மாட்டிய வாரத்துக்குள் தண்ணீர் பால்போலக் கலங்கியது. மீன்கள் ஒன்று பாக்கியில்லாமல் செத்துப்போயின.

"ஊர்ல எல்லாரும் அழுக்கு சேரவிட்டுக் கொல்லுவாங்க. நான் சுத்தம் பண்ணிக் கொன்னேன்" என்றார். "இப்ப தெரியும், அது அழுக்கு இல்லைன்னு. புத்திக்குத் தெரியும். கைக்குத் தெரியாது தம்பி. பஞ்சுன்னு ஒண்ணு உள்ள இருந்துச்சுன்னா, ஒரு நாள் இல்ல ஒரு நாள் இந்தக் கை அதை வெளுத்துடும். அதனால பஞ்சே இல்லாத ஏற்பாடுதான் நமக்குச் சரி."

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். எதை வாங்கும்போதும் அது நல்லதா, நம்பலாமா என்றுதான் நாமெல்லாம் பார்க்கிறோம். நம்மை நம்பலாமா என்று பார்த்து ஒரு பொருள் வாங்குகிற மனுஷியை நான் அன்றைக்குத்தான் கண்டேன். என் அலமாரியில் தூங்கும் உடற்பயிற்சிச் சாமான்களை நினைத்துக்கொண்டு கூடவே நடந்தேன்.

ஆக, நஞ்சைத் தின்னும் வேலை பாறைகளுக்கு. அவற்றை யாரும் தொட்டுக் கழுவப் போவதில்லை. மிச்ச அழுக்கை எடுக்க ஸ்கிம்மர் என்ற நுரைக்குழாய். இதை எனக்கு விளக்கும்போதே அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. உயரமான குழாய்க்குள் தூள் தூளாகக் காற்றுக் குமிழிகளை அடித்து விடுகிறார்கள். மீன் மிச்சம் வைத்த தீனி, கழிவு எல்லாம் குமிழியில் ஒட்டிக்கொண்டு நுரையாகப் பொங்கி ஏறி, உச்சியிலிருக்கும் கிண்ணத்தில் விழுகிறது. "நுரைல அழுக்கு ஒட்டிக்கிட்டு மேல வருது. வாழ்க்கை பூரா நான் பண்றதும் அதுதானே? என்ன, இது சோப்பு இல்லாத சலவை."

எந்த ஸ்கிம்மர் என்பதற்கு இரண்டாம் முறை கடைக்குப் போனோம். கடைக்காரர் பெட்டிகளைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். இவ்வளவு பெரிய தொட்டிக்கு இது, அவ்வளவு பெரியதற்கு அது என்று ஒவ்வொன்றிலும் அச்சடித்திருந்தது. "பெட்டிலயே போட்டிருக்குல்லக்கா."

"சட்டைலகூடத்தான் சாயம் போகாதுன்னு போட்டிருக்கான். நான் பார்க்காத சாயமா?" என்றார் அக்கா. ஒவ்வொன்றையும் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கச் சொன்னார். கையை நனைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் கிண்ணத்தைக் கழற்றி மாட்டிப் பார்த்தார். இறுக்கமாக இருந்த இரண்டைத் தள்ளி வைத்தார். மிஞ்சியதைச் செருகி ஓடவிட்டு, காதைக் குழாயில் வைத்துக் கேட்டார். கடைசியில் எடுத்தது கிண்ணம் அகலமான, கழுத்து வழவழப்பான, பார்வைக்கு ஒன்றும் பிரமாதமில்லாத ஒன்று. "தினம் கழுவ இந்தக் கிண்ணம் ஒண்ணு கிடைச்சுதே, போதும். கை இதுல தன் ஆசையைத் தீர்த்துக்கிடட்டும்."

வாங்கியதும் தொட்டியில் வைத்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். புதுச் சாமானில் தொழிற்சாலை எண்ணெய்ப் பிசுக்கு இருக்குமாம். பால்கனியில் ஒரு வாளியில் வினிகர் கலந்த தண்ணீரில் ஓடியது, பிறகு உப்புத் தண்ணீரில் ஓடியது. அதன் பிறகு அக்கா எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"உங்க படுக்கைக்கு நேர் மேல, எங்க கூடத்துல வாளியை வச்சு ஓட விட்டிருக்கேன். ரெண்டு பேரும் கொஞ்சம் படுங்க. சத்தம் கேக்குதான்னு சொல்லுங்க."

நடுப்பகலில், அவர் வாசலில் நிற்க, நானும் என் மனைவியும் கட்டிலில் கைகளை மார்பில் வைத்துக்கொண்டு நீட்டிப் படுத்தோம். "கேக்குதா?" என்றார் அக்கா. "உங்க குரல் மட்டும்தான் கேக்குது" என்றாள் என் மனைவி. அக்கா திருப்தியாக மாடிக்குப் போனார்.

புதுக் கீழ்த்தொட்டி வந்தது. பழையதைவிடப் பெரியது. அதில் பாதிக்கு மேல் தண்ணீர் நிரப்பவே இல்லை. குழாயின் வாயையும் மேலே தூக்கி, தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தினார். கீழ்த்தொட்டிக்குள் ஸ்கிம்மர் ஓட ஆரம்பித்து இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். அக்கா கிண்ணத்தைக் கழற்றிக் காட்டினார். சாயத் தண்ணீர்போல் கறுத்துக் கிடந்தது, நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டேன். கண்ணாடிபோல் தெளிந்திருந்த அந்தத் தொட்டியையும் இதையும் மாறி மாறிப் பார்த்தேன். அதிலிருந்தா இது வந்தது? "வெள்ளைச் சட்டைன்னுதான் எல்லாரும் கொண்டு வருவாங்க தம்பி. நனைச்சாத்தான் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே கிண்ணத்தை அவர் கழுவிய கழுவல் இருக்கிறதே, பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

மாதக் கடைசியில் வீட்டு உரிமையாளர் வந்தார். கையை நீட்டினார், தேறினார். கீழே எங்கள் படுக்கையறையில் என் மனைவி அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். அண்ணன் சுவரோரம் சுவிட்சுக்குப் பக்கத்தில். உரிமையாளர் டார்ச் விளக்கோடு கீழ்த்தொட்டி முன்னால் குனிந்தார். நான் அவர் பக்கத்தில் மண்டியிட்டேன்.

அக்கா முக்காலியில் ஏறி, பெரிய தொட்டிக்குள் கையை விட்டுக் குழாயைப் பிடித்துக்கொண்டார். "குழாய்ல மேலாக ஒரு சின்ன ஓட்டை போட்டிருக்கேன். தண்ணி அது வரைக்கும் இறங்கினதும் அது வழியா காத்து உள்ள போய், கீழ வர்றது நின்னுடும்" என்று உரிமையாளரிடம் சொன்னார்.

"நல்ல யோசனை" என்றார் அவர்.

"ஆனா ஓட்டையை நம்பக் கூடாதுங்க. நத்தை வந்து உக்காந்துக்கும், பாசி அடைச்சுக்கும். அதனால நானே விரலை வச்சு அடைச்சுக்கறேன். ஓட்டையே இல்லைன்னு வச்சுக்கங்க. அப்பவும் வழியாம இருக்கான்னு பாருங்க."

எப்படியாவது தேறினால் போதும் என்றிருக்கிற பரீட்சையில், தனக்குத் தானே கேள்வியைக் கடினமாக்கிக்கொள்கிற ஒரு ஜென்மம் உண்டா? அக்கா, வேண்டாமே என்று வாய்வரை வந்தது.

"நிறுத்துங்க" என்றார் அக்கா. அண்ணன் சுவிட்சைத் தட்டினார்.

பம்பின் முனகல் அடங்கியது. ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. பிறகு களகளவென்று தண்ணீர் இறங்கத் தொடங்கியது. கீழ்த்தொட்டியின் காலி இடம் கண்ணெதிரே நிரம்பிக்கொண்டு வந்தது. மேலே கோமாளி மீன்களில் பெரியது, தன் வீட்டுப் பக்கத்தில் வந்த கையைச் சும்மா விடவில்லை. பாய்ந்து பாய்ந்து கடித்தது. "கடிக்குதுடி" என்றார் அண்ணன். "கடிக்கட்டும்" என்றார் அக்கா.

தண்ணீர் கீழ்த்தொட்டியின் முக்காலைத் தாண்டியது. ஸ்கிம்மரில் இருந்த தண்ணீரும் சேர்ந்து விழுந்தது. விளிம்புக்கு ஒரு சாண், அப்புறம் அரைச் சாண். உரிமையாளர் மூச்சுவிடும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் என் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தரையில் விரித்திருந்தேன். எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. என் மெத்தை எனக்கு ஞாபகமே வரவில்லை. நில்லு, நில்லு, நில்லு என்று தண்ணீரைப் பார்த்து மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். மேலே, நீர் இறங்க இறங்க, சாமந்தியின் விரல்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன.

விளிம்புக்கு மூன்று விரற்கடை இருக்கும்போது குழாயின் வாய் மேலே காற்றை உறிஞ்சி ஒரு கரட்டுச் சத்தம் போட்டது. அத்தோடு களகளப்பு நின்றது. தண்ணீர் இப்படியும் அப்படியும் ஒரு தடவை ஆடியது. அப்புறம் சமமாக நின்றது.

உரிமையாளர் அலமாரியின் அடித்தரையைக் கையால் தடவினார். கையைத் திருப்பி டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். ஈரமில்லை. கீழேயிருந்து என் மனைவி, "ஒண்ணும் இல்லீங்க, காஞ்சே இருக்கு" என்று குரல் கொடுத்தாள்.

"தம்பி, நீங்க என்ன சொல்றீங்க?" என்றார் உரிமையாளர்.

"இருக்கட்டும் சார்." "இங்கேயே இருக்கட்டும்."

"சரி. இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

அப்போதுதான் நான் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். முக்காலியில் அப்படியே நின்றிருந்தார். ஒரு கை தொட்டிக்குள் குழாயை விடாப்பிடியாகப் பிடித்திருந்தது, விரல் ஓட்டையை அழுத்தியிருந்தது. மீன் இன்னும் கடித்துக்கொண்டுதான் இருந்தது. பல்லைக் கடித்து, ஊசி போட்டுக்கொள்கிற குழந்தைபோல் இரண்டு கண்களையும் இறுக்கி மூடியிருந்தார். இத்தனை நேரமும் அவர் ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூடப் பார்க்கவில்லை.

"அக்கா, முடிஞ்சுது. கையை எடுங்க" என்றேன்.

"நிஜமாவே நின்னுச்சா?" என்று கேட்டு, ஒரு கண்ணை மட்டும் மெல்லத் திறந்தார்.